பத்தில் ஒரு பம்பு

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா.
8 டிசம்பர் 2025

அன்புள்ள சங்கரிக்கு,

இங்கே நானும் ஹம்சினியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற அந்த ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும்.

முந்தாநாள் நீ போன் செய்தபோது, ஏன் எல்லாவற்றுக்கும் "ம்" மட்டும் போடுகிறேன் என்று கேட்டாய். கடையில் கூட்டம் என்றேன். கூட்டம் எதுவும் இல்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், வாயால் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. வாட்ஸாப்பில் அனுப்பினால் நீ பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நின்றபடி படிப்பாய். அதனால் மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன். கூரியரில் வரும். வீட்டில் உட்கார்ந்து படி.

ஹம்சினிக்குப் பரீட்சை முடிந்தது. நான் தமிழில் கேட்டால் அவள் பாதி வங்காளத்தில் பதில் சொல்கிறாள். கேட்டால், லேக் மார்க்கெட்டில் இருபத்தேழு வருஷம் கடை வைத்திருக்கிற அம்மாவின் புருஷன் இன்னும் வங்காளத்தில் இல்லாத ஆண்பால் பெண்பாலைத் தேடுகிறார், அதற்கு இது தேவலாம் என்கிறாள். சிவராமகிருஷ்ணன் சாருக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. தடியை ஊன்றிக்கொண்டு டிரஸ்ட் கூட்டத்துக்கு வருகிறார். குளிர் தொடங்கியதால் தோசை மாவு பொங்க நேரமாகிறது. மாவு வாங்க வருகிற வங்காளி வீட்டுப் பெண்கள், அந்தப் பௌதிகள் எல்லாம் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

சரி. மூட்டையின் வாயில் மட்டும் நல்ல அரிசியைப் பரப்பி வைக்கிற வேலையை நான் செய்ததில்லை, இந்தக் கடிதத்திலும் செய்யக் கூடாது.

சங்கரி, உன் கட்டுரையில் இருக்கிற பம்புக் கணக்கில் பத்துக்கு ஒன்பது பொய். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இனிமேல் எழுதுவதில் உனக்குத் தெரிந்ததும் இருக்கும். தெரிந்ததை ஏன் எழுதுகிறான் என்று நினைக்காதே. இந்தக் கடிதத்தை நீ அங்கே உன் பல்கலைக்கழகத்தில் யாரிடமாவது காட்ட வேண்டி வரலாம். தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துப் படிக்கச் சொன்னால் அவர்களுக்கும் முழுக்க விளங்க வேண்டும்.

பொதிகை நீர் டிரஸ்ட்டை இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் ஏழு சேர்ந்து ஆரம்பித்தோம். பாருய்ப்பூருக்குத் தெற்கே கிராமத்து அடிபம்புகளில் ஆர்சனிக் விஷம் இருக்கிறதா என்று சோதித்து, குடிக்கலாம் என்றால் நீலம், கூடாது என்றால் சிவப்பு அடிப்பதுதான் வேலை. ஏழு குடும்பத்துக்கும் போர்டில் ஆளுக்கொரு நாற்காலி. நம் வீட்டு நாற்காலி உன்னுடையது, ஏனென்றால் அந்த ஏழு பேரில் தண்ணீரைப் பற்றிப் படித்தவள் நீ ஒருத்திதான். 2021-இல் நீ ஸ்வீடன் போனபோது, கடையில் முதலாளி இல்லாவிட்டால் பெஞ்சாதி உட்காருகிற மாதிரி, உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். பத்தாவது தேறாதவன். நீயும் சிரித்துக்கொண்டே சரி என்றாய். "உங்களுக்கு நடைமுறை தெரியும், அவங்களுக்கு அது போதும்" என்றாய்.

அந்த வருஷம் ஆகஸ்ட் கூட்டத்தில் ஒரு பிரச்சினை வந்தது. நன்கொடை தருகிற கம்பெனி அடுத்த மார்ச்சுக்குள் மூவாயிரம் பம்பு சோதித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. ஒரு பம்புக்கு அரை மணி நேரம் ஆகும். ஊர் ஊராகப் போய்ச் சோதிக்க நம்மிடம் தபனும் இன்னும் இரண்டு பேரும்தான். சோதனைக் கிட்டும் போதாது. எல்லாரும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் வாயைத் திறந்தேன். பர்த்வானிலிருந்து லாரியில் நூறு மூட்டை அரிசி வந்தால் நூறையுமா அவிழ்க்கிறேன், பத்தில் ஒரு மூட்டையைக் குத்தூசியால் குத்தி, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் லாரி முழுவதும் தெரிந்துவிடும், பம்பும் அப்படித்தானே, ஒரே மண், ஒரே தண்ணீர் என்றேன். ஒரு பாடாவில், அதாவது ஒரு குடியிருப்பில், ஒரு பம்பைச் சோதித்து, சுற்றியுள்ள ஒன்பதுக்கும் அதே நிறத்தை அடித்துவிடலாம் என்றேன்.

சிவராமகிருஷ்ணன் சார் மேஜையைத் தட்டினார். முப்பது வருஷம் வங்கியில் இருந்தவனுக்கு இது தோன்றவில்லையே என்றார். ஆறு பேர் கை தூக்கினார்கள், ஏழாவது என் கை. அதாவது உன் கை.

தபன் மட்டும் வாசலில் நின்றுகொண்டு, தீதி ஒவ்வொரு பம்பும் தனி என்று சொல்வாரே, ஒன்று நூறடி ஆழம், பக்கத்து வீட்டில் இருநூறடி ஆழம், ஒன்றில் இருந்தால் மற்றதில் இருக்காது என்று சொல்வாரே, காக்கு என்றான். அவனுக்கு நீ தீதி, அக்கா; நான் காக்கு, சித்தப்பா. தீதிக்கும் இது தெரியும், அவளே ஒத்துக்கொண்டாள் என்றேன். உன்னைக் கேட்கவே இல்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

இது முதல் தப்பு. இதோடு நின்றிருந்தால் அறியாமல் செய்தான் என்றாவது சொல்லலாம். படிவத்தில் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஒன்பது கட்டத்திலும் ஒரே எண்ணை எழுதினால் கம்பெனிக்காரன் கண்ணில் உறுத்துமே என்று தபன் கேட்டான். கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் எழுது என்றேன். அந்தப் படிவங்கள்தான் உனக்கு வந்தன.

நீ எங்கெல்லாம் போய்ச் சுற்றி அந்தப் படிவத்துக்கு வந்து சேர்ந்தாய் என்பது எனக்குத்தான் தெரியும், ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கியவன் நான். கல்யாணமாகி ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியபோது உன் டிரங்குப் பெட்டியில் பாதி புத்தகம். எம்.எஸ்சி. சேர்ந்தாய். சணல் ஆலைச் சாயக் கழிவில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினாய், அதற்குள் ஹம்சினி பிறந்து நடக்கத் தொடங்கிவிட்டாள். வேலை கிடைக்கவில்லை. சோப்புக் கம்பெனிச் சோதனைக் கூடத்தில் இரண்டு வருஷம் நுரையை அளந்தாய். பிறகு மணிக்கு இவ்வளவு என்று கூலி தருகிற கல்லூரிகள், டம்டத்தில் ஒன்று, ஹவுராவில் ஒன்று, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. என் கடையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கே மாதச் சம்பளம், என் பெண்டாட்டிக்கு மணிக் கூலியா என்று நான் கேலி செய்தேன். நெதர்லாந்தில் இரண்டு வருஷம் இருந்து திரும்பி வந்தபோது இங்கே வயது வரம்பு தாண்டிவிட்டது என்றார்கள். அப்புறம் ஸ்வீடன். எங்கே போனாலும் உன் ஆராய்ச்சி வேறொன்றாக மாறியது. டிரஸ்ட் பம்புகள் மட்டும்தான் எல்லா இடத்துக்கும் உன்னோடு வந்தன.

போன வருஷம் நீ போன் செய்து, பக்கத்துப் பக்கத்துப் பம்புகளில் ஏறக்குறைய ஒரே அளவு வருகிறது, இந்த ஆற்றுப் படுகையில் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை என்றாய். உன்னாலேயே முதலில் நம்ப முடியவில்லை. தபனுக்கு மூன்று தடவை போன் செய்து கேட்டாய். மூன்று தடவையும் அவன் சரிதான் என்றான். மூன்றாவது தடவை நான் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நம் ஆட்கள் களத்தில் எழுதியதை நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள் என்று நீ அவனிடம் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ கண்டுபிடித்தது மண்ணின் குணம் இல்லை, என் குத்தூசி என்று சொல்லியிருக்க வேண்டும். கட்டுரை வெளிவந்தது. இருபத்தைந்து வருஷத்தில் உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. ஐம்பது வயதில் யாருக்கும் தராத நிரந்தர வேலைக்கு உன் பேரைப் பரிசீலிக்கிறார்கள், பிப்ரவரியில் முடிவு, அந்தக் கட்டுரையை வைத்துத்தான் என்று நீ சொன்னபோது கடையில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். ஒரு சந்தேகம் இருந்தது. எங்கேயோ கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அதை மூடி வைத்தேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், ஹிஜல்டாங்காவில் பூர்ணிமா நஸ்கர் என்று ஒருத்தி இருக்கிறாள். உனக்கு நினைவிருக்கும், 2014-இல் நீ அந்த ஊரில் பம்பு பம்பாக நடந்தபோது உனக்கு எலுமிச்சை பிழிந்து சர்பத் கொடுத்த புது மருமகள். போன மாதம் டிரஸ்ட் மருத்துவ முகாமுக்கு வந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் மிளகு அப்பிய மாதிரி கரடு. மார்பில் மழைத்துளி விழுந்த புழுதி மாதிரிப் புள்ளிகள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, எந்தப் பம்பில் குடிக்கிறாள் என்று கேட்டார். அவள் வாசலில் இருக்கிற பம்பு. நாம் நீலம் அடித்த பம்பு. அன்றைக்கே தபனை வைத்துச் சோதித்தேன். அளவுக்கு மேல் ஏழு மடங்கு.

அவளிடம் கேட்டேன், எத்தனை வருஷமாக இதில் குடிக்கிறாய் என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தீதி சொன்னாங்கன்னு ஏழு வருஷம் பள்ளிக்கூடத்துப் பம்புக்கு நடந்தேன். அப்புறம் தீதியோட ஆளுங்க வந்து வாசல்லயே நீலம் அடிச்சாங்க. நடக்கறதை விட்டுட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. நான்தான் அந்த ஆள் என்று அவளுக்குத் தெரியாது. தீதி எப்போது வருவார் என்று கேட்டாள்.

அந்தப் பாடாவில் மொத்தம் பதினோரு நீலப் பம்பு. எல்லாவற்றையும் சோதித்தேன். நான்கில் விஷம்.

விஷயத்தை சிவராமகிருஷ்ணன் சாரிடம் சொன்னேன். சத்தம் இல்லாமல் அந்த நான்கை மட்டும் சிவப்பாக்கிவிடு, மற்றதைக் கிளறாதே என்றார். வங்காளிகள் ஊரில் தமிழன் பேர் நாறிவிடும் என்றார். கடைசியில் குரலைத் தணித்து, பிப்ரவரி வரை பொறுத்துக்கொள், உன் சம்சாரத்தின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டாமா, வேதாச்சலம் என்றார். எனக்கும் அதே நினைப்பு ஏற்கெனவே வந்திருந்தது. அதை இன்னொருத்தர் வாயில் கேட்டபோதுதான் அதன் நாற்றம் தெரிந்தது.

இத்துடன் தபனின் சொந்த நோட்டுப் புத்தகத்தின் நகல் வைத்திருக்கிறேன். பயந்தவன், ஆனால் நேர்மையானவன். நிஜமாகச் சோதித்த பம்புக்கு மட்டும் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். மொத்தம் 3,108 பம்பு, வட்டம் போட்டது 312. மீதி 2,796 என் கற்பனை.

இனி நான் கேட்பது இதுதான். பிப்ரவரிக்கு முன்பாக, வேறு யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்பாக, கட்டுரையை நீயே திரும்பப் பெற்றுக்கொள். என் பேரை எழுது. ஏமாற்றியவன் புருஷன் என்றே எழுது. வேலை போகும். போகாது என்று உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு எந்த வழியும் தெரியவில்லை, நான்கு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன். நீயாகச் சொன்னால் உன் வாக்காவது மிஞ்சும்.

ஹம்சினியிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பதில் வந்த பிறகு சொல்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். படித்து முடித்த அன்று தனியாக இருக்காதே, அந்தக் கேரளத்துப் பெண் வீட்டுக்காவது போ.

இப்படிக்கு,
உன் பேரைக் கெடுத்த
வேதாச்சலம்


லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா.
19 ஜனவரி 2026

சங்கரிக்கு,

இந்தக் கடிதத்தை நீ பிரித்துப் படிக்கிறாயோ இல்லையோ, நலமாக இருக்க வேண்டும் என்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

டிசம்பர் பதினேழாம் தேதி உன் ஒரு வரி வந்தது. "கிடைத்தது. மீதி 2,796-ஐயும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் பதினான்கு தடவை போன் செய்தேன். பிறகு நிறுத்திவிட்டேன், ஒலித்துக்கொண்டே இருப்பது உனக்குத் தொல்லையாக இருக்கும் என்று.

மற்றதெல்லாம் ஹம்சினி மூலமாகத்தான் தெரிந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அன்றைக்கே அந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதிவிட்டாயாம். பொய் என்று தெரிந்த பிறகு ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லையாம். உன் பேரில் குற்றம் இல்லை என்றுதான் விசாரித்தவர்கள் சொன்னார்களாம், ஆனால் பிப்ரவரிவரைகூடக் காத்திராமல் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். இப்போதிருக்கிற ஒப்பந்தமும் ஜூனோடு சரியாம். இதையெல்லாம் அவள் சமையலறை வாசலில் நின்றபடி சொன்னாள். அம்மா ரொம்பத் திட்டினாளா என்று கேட்டேன். "அம்மாவுக்கு ராக் இல்லப்பா. ராக் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். கோபத்துக்குக்கூட அவளுக்கு வங்காளச் சொல்தான் வருகிறது. அப்பா சாப்பிடுகிறாரா என்று அம்மா கேட்டாளா என்றும் கேட்டேன், வெட்கம் கெட்டுப்போய். இல்லை என்றாள். ஆனால் அன்றைக்கு எனக்கு அவளே சாதம் போட்டாள்.

டிரஸ்ட்டில் நாலாம் தேதி கூட்டம் நடந்தது. 2021-இல் நடந்தது முழுக்க என் ஒருவனுடைய செயல், போர்டுக்குத் தெரியாது என்று தீர்மானம் எழுதினார்கள். அன்று கை தூக்கிய ஆறு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அலிப்பூரில் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறோம், எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்றார் சிவராமகிருஷ்ணன் சார். கையெழுத்துப் போட்டேன். நான் சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல, கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். ஒரு தகவலுக்காக எழுதுகிறேன், நம் குடும்பத்து நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். அது உன்னுடையது. அதில் நான் உட்கார்ந்ததால் போயிற்று.

கிட் வாங்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். நானே வாங்குகிறேன். தபன் வேலையை விட்டுவிட்டு என்னோடு வருகிறான். அவன் பேசுவதில்லை, காக்கு என்று கூப்பிடுவதும் இல்லை, ஆனால் காலை ஆறரைக்கு பாலிகஞ்ச் ஸ்டேஷனில் நிற்கிறான். கடையை மச்சினன் ராம்கி பார்த்துக்கொள்கிறான், எப்படிப் பார்ப்பான் என்பது உனக்கே தெரியும்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பம்புக்கு மேல் முடியவில்லை. இந்தக் கணக்கில் துர்கா பூஜைக்கு முன் முடியாது. பரவாயில்லை. இதுவரை 240 முடிந்தது. நீலமாக இருந்த 61 பம்பைச் சிவப்பாக்கினோம். சிவப்பாக இருந்த 19-ஐ நீலமாக்கினோம். அந்தப் பத்தொன்பது வீட்டுக்காரர்கள் நல்ல தண்ணீரை வாசலில் வைத்துக்கொண்டு நான்கு வருஷம் வேறெங்கோ குடத்தோடு நடந்திருக்கிறார்கள். அறுபத்தொன்றைப் பற்றி என்ன எழுத.

சிவப்பு அடிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. நீலம் அடித்தவர்களும் நீங்கள்தானே, இப்போது சிவப்பு என்றால் எதை நம்புவது என்று கேட்கிறார்கள். ஒரு ஊரில் பெண்கள் பெயிண்ட் டப்பாவைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தார்கள். இன்னொரு ஊரில் ஒரு கிழவர், பாபு, நிறம் அடிப்பதுதான் உங்கள் தொழில் என்றால் ஒரேயடியாகக் கறுப்பு அடித்துவிட்டுப் போங்கள் என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு. நான் போய்விட்ட மறுநாள் சிவப்பைச் சுரண்டிவிட்டு அதிலேயே குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் வேறு தண்ணீர் இல்லை என்றால் நிறத்தைக் காட்டி யாரைத் தடுக்க முடியும்.

பூர்ணிமாவிடம் உண்மையைச் சொன்னேன். நான்தான் அந்த ஆள், தீதிக்கு எதுவும் தெரியாது என்றேன். முதலில் புரியவில்லை. தபன் அவள் பாஷையில் நிதானமாக எடுத்துச் சொன்னான். அவள் உள்ளே போய்விட்டாள். இப்போது மறுபடியும் பள்ளிக்கூடத்துப் பம்புக்குத்தான் நடக்கிறாள். பாதத்திலும் கரடு வந்து வெடித்திருக்கிறது, குடத்தோடு ஓரமாகக் கால் வைத்து நடக்கிறாள். டாக்டர், நல்ல தண்ணீர் குடித்தால் இதற்கு மேல் ஏறாமல் நிற்கலாம், ஏறியது இறங்கும் என்று சொல்ல முடியாது என்கிறார். அதற்கு அடுத்த வாரம் வேனில் இருபது லிட்டர் கேன் ஆறு கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கினேன். வெளியே வந்து பார்த்தாள். "இது என்ன நிறம்?" என்று கேட்டாள்.

கேன்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

வியாபாரத்தில் எனக்கு எவ்வளவோ சரிந்திருக்கிறது. தீப்பிடித்தது, வெள்ளம் வந்தது, நம்பியவன் ஓடிப்போனான். எல்லாவற்றிலும் மறுநாள் காலையில் என்ன செய்யலாம் என்று ஒரு வழி தெரிந்துவிடும். இதில் தெரியவில்லை. உன் வேலையைத் திரும்ப வாங்க முடியாது. அவள் கையைத் திரும்ப வாங்க முடியாது. நீ சொன்னபடி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகிறேன். அது எதையும் சரிக்கட்டாது என்று தெரிந்துதான் போகிறேன். வேறென்ன செய்ய.

இன்னொரு விஷயம். இதற்குப் பதில் வேண்டும், அதனால்தான் இந்தக் கடிதமே.

கிட்டில் அந்தக் காகிதப் பட்டை மஞ்சளிலிருந்து பழுப்பாக மாறுகிறது அல்லவா, அதை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். நல்ல மஞ்சள் என்றால் தெரிகிறது, நல்ல பழுப்பு என்றாலும் தெரிகிறது. நடுவில் வருவதுதான் தெரியவில்லை. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த இரண்டு கட்டமும் ஒன்றாகவே இருக்கிறது. தபன் மூன்றாம் கட்டம் என்கிறான், எனக்கு நான்காம் கட்டம் மாதிரி இருக்கிறது. மூன்றென்றால் நீலம், நான்கென்றால் சிவப்பு. கடையில் இப்படி வந்தால் நடுவிலே ஒரு விலை பேசி முடித்துவிடுவேன். இங்கே இனி எதையும் நானாக முடிக்கப் போவதில்லை.

இப்படி இருபத்திமூன்று பம்பு சேர்ந்துவிட்டது. பழைய நிறத்தைச் சுரண்டிவிட்டு, எதுவும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். அதுவரை குடிக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். எதுவரை என்று கேட்கிறார்கள். பார்க்கத் தெரிந்தவர் வரும்வரை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பட்டையைப் போட்டோ எடுத்து தீதிக்கு அனுப்பலாமே என்று தபன் கேட்டான். போட்டோவில் நிறம் மாறிவிடும், நேரில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. ஜூனுக்குப் பிறகு எந்த ஊருக்குப் போவதாக இருக்கிறாய் என்று ஹம்சினியிடமாவது சொல்லி வை. பாருய்ப்பூர் லோக்கல் ரயிலில் பத்து இருபதுக்குக் கிளம்பினால் கூட்டம் இருக்காது, ஜன்னல் ஓரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
வேதாச்சலம்